நான்கு குழாய் ரத்தம்

மதிவதனி வளர்ந்த வீட்டில் ஒரே தப்புக்கு ஒரே அடி விழுந்ததில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போனால் அவள் அப்பா ராஜேந்திரன் ஒரு நாள் சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். இன்னொரு நாள் அதே உப்புக்கு அம்மா ராஜம்மாளின் தலை சுவரில் மோதும். குடித்திருந்தால் அடிப்பார், குடிக்காவிட்டால் அடிக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது. குடித்துவிட்டு வந்து மகளுக்குப் பலாச்சுளை ஊட்டிய நாட்கள் உண்டு. தெளிவாக இருந்த ஒரு காலையில்தான் அம்மாவின் முன்பல்லை உடைத்தார்.

பதின்மூன்று வயதில் மதிவதனி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தாள். தேதி, கிழமை, அப்பா என்ன சாப்பிட்டார், மழை பெய்ததா, வயலில் என்ன வேலை, அடி விழுந்ததா இல்லையா. எதைப் பார்த்து விலகி நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். இரண்டு வருடம் எழுதினாள். ஒழுங்கு என்று ஒன்று அகப்படவே இல்லை.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திருவண்ணாமலையில் லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தாள். முதல் மாதம், ஒரே ரத்தத்தை மூன்று குழாய்களில் பிரித்து அளக்கச் சொன்னார்கள். மூன்றிலும் ஒரே எண் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அது பாடம். மதிவதனி அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்ததாக அவளே சொல்லியிருக்கிறாள். ஒரே காரியத்தை ஒரே மாதிரி செய்தால் ஒரே பதில் சொல்லும் இடம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவலூர்பேட்டை சாலையில் இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். அங்கே அவளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசாதவர்கள் இல்லை. சந்தேகம் வந்தால் தன் ரத்தத்தையே எடுத்து நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பாள். "மதிக்கா உடம்புல பாதி ரத்தம் சிங்க்லதான் போயிருக்குது" என்று கூட வேலை பார்த்த தேவிப்ரியா கிண்டல் செய்வாள். கல்யாண வாழ்க்கை ஏழு வருடம் நீடித்தது. கணவன் கை ஓங்கிய முதல் நாளே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது முறைக்குக் காத்திருக்கவில்லையா என்று யாரோ கேட்டபோது, அதை இரண்டாவது தடவை செய்து பார்க்கும் அவசியம் தனக்கு இல்லை என்றாளாம்.

இனி மூன்று வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். தூரத்தில் உட்கார்ந்து எழுதுவதால் தப்பாக ஏதும் சேர்ந்துவிடக் கூடாதே என்று, மதிவதனியைத் தவிர அன்று அங்கே இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். ஆடியில் விதைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம். காலை ஏழு மணிக்குக் கடலைக்காட்டில் கொடி பிடுங்கிக்கொண்டிருந்த பொன்னியின் புறங்கையில் பாம்பு கொத்தியது. அவளுக்கு இருபத்து நான்கு வயது. அவள் கணவன் கண்ணாயிரம் மண்வெட்டியால் பாம்பை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். மருத்துவமனைக்கு அதை உரப்பையில் போட்டுக் கொண்டுவந்தபோது உள்ளே சதைக்கூழும் மண்ணும்தான் இருந்தன. அது என்ன பாம்பு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் விஷம் ஏறியிருக்கிறதா என்று சொல்ல வேறு வழி இருக்கிறது. விரியன் கடித்து விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் விட்டு, இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் அப்போதைக்குப் பயமில்லை. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்தும் லேசுப்பட்டதல்ல. சிலருக்கு அதுவே மூச்சை அடைத்துவிடும். ஆகவே தேவைப்படாதவருக்குக் கொடுக்கக் கூடாது, தேவைப்படுகிறவருக்குத் தாமதிக்கக் கூடாது. எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது.

மதிவதனிக்கு அன்று பத்து மணி வேலை. எட்டு மணிக்கு இருந்தவள் தேவிப்ரியா. கடிகாரம் பார்த்து, இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தாள். ரத்தம் ஓடியது. பணியில் இருந்த இளம் டாக்டர் சரவணகுமார் மருந்தை ஏற்றத் தொடங்கினார். பாதி ஏறுவதற்குள் பொன்னியின் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடித்தது. நாடி விழுந்தது. மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு இழுத்துப் பிடித்தார்கள். கட்டிலில் அவள் வெட்டிவெட்டி இழுத்ததைக் கண்ணாடிக் கதவு வழியாக அவள் அண்ணன் அப்பாதுரை பார்த்தான். டிராக்டர் ஓட்டுகிறவன். கம்பவுண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவர் மூக்கை மேசை விளிம்பில் வைத்து அடித்தான். தரையில் ரத்தம் சிதறியது.

பொன்னிக்கு மூச்சு திரும்பியதும் டாக்டர் மறுபடியும் சோதிக்கச் சொன்னார். தேவிப்ரியா மறுபடியும் செய்தாள். மறுபடியும் ஓடியது. மீதி மருந்தை ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். வராந்தாவில் ஊர்க்காரர்கள் முப்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஊசியை இன்னொரு தரம் போட்டால் மருத்துவமனையைக் கொளுத்துவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பூந்தொட்டிகளும் வரவேற்பறைக் கண்ணாடியும் நொறுங்கிக் கிடந்தன. மதிவதனி உள்ளே வந்தது அப்போதுதான்.

நேராகப் பொன்னியிடம் போனாள். ஈறைப் பார்த்தாள். ரத்தக் கசிவு இல்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தாள். துளை மூடிக் காய்ந்திருந்தது. ரத்தமே உறையாத உடம்பில் அந்தத் துளை இத்தனை நேரம் கசிந்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் சொன்னாள். இரண்டு முறை சோதித்தாகிவிட்டது, இரண்டு முறையும் ஒரே முடிவுதான் என்றார்.

"ஒரே தப்ப ரெண்டு தடவ பண்ணாலும் ஒரே பதில்தான் சார் வரும்" என்றாள் மதிவதனி. "எனக்கு அர மணி நேரம் குடுங்க."

லேப்புக்குள் போனபோது மைக்ராஸ்கோப்பில் சந்தனப்பொட்டு அழியாமல் இருந்தது. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் செண்ட்ரிஃப்யூஜில் குங்குமம். பீரோவில் புதுக் குழாய்ப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பளபளவென்று இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடிக்கு அத்தனை பளபளப்புக் கிடையாது.

எதில் கழுவினாய் என்று தேவிப்ரியாவைக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் கழுவியதை, அக்கா பாராட்டப்போகிறாள் என்று நினைத்துச் சொன்னாள். இரண்டு பெட்டிக் குழாய்களையும் வாளியில் போட்டு, சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, மாடியில் துணி விரித்துக் காயவைத்து, அதே பெட்டியில் அடுக்கியிருந்தாள். பயன்படுத்தாத புதுக் குழாய்களை ஏன் கழுவினாய் என்றதற்கு அவள் சொன்ன பதிலை மதிவதனி பிறகு எங்கும் மாற்றாமல் சொன்னாள்:

"பூஜையில வைக்கறதுக்கா. புச்சுன்னாலும் கழுவாம எப்பிடி சாமி முன்னாடி வைக்கறது?"

ரத்தத்தை உறையத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான். கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் அதில் ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் கிடக்கும். எத்தனை முறை அலசினாலும் அந்தப் படலம் முழுதாகப் போவதில்லை. அதனால்தான் அந்தக் குழாய் புதியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

மதிவதனி தேவிப்ரியாவைத் திட்டவில்லை. பின்கதவைத் திறந்து, பேகோபுரத் தெருவில் லேப் வைத்திருக்கும் அருணகிரி வீட்டுக்கு ஸ்கூட்டியில் போகச் சொன்னாள். லேப் மூடியிருந்தாலும் அவரை எழுப்பு, பிரிக்காத பாக்கெட் வேண்டும், பாக்கெட்டை நீ பிரிக்காதே என்றாள். முடிவு தெரியும்வரை ஊசி போடவேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சிவிட்டு வந்தாள். தேவிப்ரியா பதினேழு நிமிடத்தில் திரும்பினாள்.

பொன்னியின் ரத்தத்தை எடுத்து, கழுவிய குழாய் ஒன்றிலும், புதுக் குழாய் ஒன்றிலும் விட்டாள். பிறகு தன் கையில் தானே ஊசி குத்தித் தன் ரத்தத்தையும் அதே மாதிரி இரண்டில் விட்டாள். பாம்பு கடிக்காத ரத்தம் கழுவிய குழாயில் உறைகிறதா என்று பார்த்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். குழாய் ஸ்டாண்டை லேப் மேடை மேல் வைக்கவில்லை. வெளியே கூட்டம் தாழிட்ட கதவைத் தட்டுகிற தட்டில் மேடை அதிர்ந்துகொண்டிருந்தது. மேடைக்கு அடியில், மூலையில், தரையில் வைத்தாள். அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மணி பத்து நாற்பது.

ஒன்பதாவது நிமிடத்தில் கதவின் மேல்பாதிக் கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தது. தேவிப்ரியாவின் நெற்றியில் ஒரு சில்லு கீறியது. பதினான்காவது நிமிடத்தில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. அப்பாதுரை முதலில் வந்தான். பின்னால் ஐந்தாறு பேர். ஊசி போடாமல் இங்கே ஒளிந்துகொண்டு என்ன கலக்குகிறாய் என்று கேட்டான். சற்று முன்புவரை ஊசி போட்டால் கொளுத்துவேன் என்றவன். ஒருவன் மைக்ராஸ்கோப்பைத் தூக்கித் தரையில் அடித்தான். இன்னொருவன் பீரோவைச் சாய்த்தான். கழுவிய குழாய்கள் பெட்டியோடு விழுந்து, நூற்றுக்கணக்கில் உருண்டு, காலடியில் நொறுங்கின. அப்பாதுரை மதிவதனியின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான். அவள் மேடையின் காலைப் பிடித்துக்கொண்டாள். விலாவில் உதைத்தான். பிடியை விடவில்லை. இன்னொரு உதை. அவள் வாயில் ரத்தம் வந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் கண்ணாயிரம் நின்றிருந்தான். கையில் பாம்பு இருந்த உரப்பையை இன்னும் வைத்திருந்தான். மதிவதனி அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இதுல உங்க சம்சாரத்தோட ரத்தம் இருக்குது. இன்னும் ஆறு நிமிசம் இத யாரும் ஆட்டக் கூடாது. அடிக்கறதுன்னா என்னை அந்தாண்ட இழுத்துக்குனு போயி அடிங்க."

கண்ணாயிரம் உரப்பையைக் கீழே போட்டான். மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து, முடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அப்பாதுரை அவன் முகத்தில் ஒரு குத்து விட்டான். கண்ணாயிரம் திருப்பி அடிக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து மதிவதனிக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சில்லுகள் மேலேயே உட்கார்ந்தான். கூட்டம் முனகிக்கொண்டு நின்றது. வராந்தாவில் யாரோ நாற்காலிகளை உடைக்கும் சத்தம் வந்தது. இவர்கள் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு மதிவதனி குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்தாள். பொன்னியின் ரத்தம், கழுவிய குழாய்: ஓடியது. மதிவதனியின் ரத்தம், கழுவிய குழாய்: அதுவும் ஓடியது. புதுக் குழாய்கள் இரண்டிலும் ரத்தம் கட்டியாக, கவிழ்த்தாலும் விழாமல், அடியில் நின்றது.

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதிவதனி அவர் பக்கம் திரும்பியபோது, சொல்லாதே என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். அவர் கெட்டவர் அல்ல. வெளியே நாற்பது பேர். முதலாளி சென்னையில். விஷம் இறங்கிவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நான் கேட்ட மூவரில் ஒருவர்கூட இதை மறுக்கவில்லை. மதிவதனியும் மறுக்கவில்லை.

ஆனால் அப்படிச் சொன்னால் பொன்னியின் சீட்டில் விஷம் ஏறியவள் என்றே எழுதப்படும். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தச் சீட்டை நம்பித்தான் மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து அவளுக்கு ஆகாது என்பது இப்போது தெரிந்துவிட்டது. அதோடு, பொய்யை எழுதிவிட்டால் தேவிப்ரியா அடுத்த வருடமும் கழுவுவாள்.

கண்ணாயிரத்திடம் கழுவிய குழாய்கள் இரண்டையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். "உங்க சம்சாரத்துக்கு வெசமே ஏறல. என் ரத்தம் இது. என்னைப் பாம்பு கடிக்கல, ஆனா இதுவும் கட்டல பாருங்க. நாங்க குழாயக் கழுவிட்டோம். அந்த ஊசி அவங்களுக்குத் தேவையே இல்ல. தப்பு எங்களுது."

அப்பாதுரை மூலையில் இருந்த குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கினான். கண்ணாயிரத்தின் இரண்டு கையிலும் குழாய்கள் இருந்தன. மதிவதனி தலையை மறைத்து வலது கையைத் தூக்கினாள். முதல் அடியில் முன்கை எலும்பு இரண்டாக முறிந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடிக்குள் கண்ணாயிரம் குழாய்களை மேடை மேல் வைத்துவிட்டுப் பாய்ந்து, மச்சானின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துத் தரையில் தள்ளி, அவன் முகத்தைக் கண்ணாடித் தூளில் அழுத்திப் பிடித்தான். அப்பாதுரை அலறியது தெருவரை கேட்டதாம். ஊர்க்காரர்கள் பிரித்துவிடுவதற்குள் அவன் கன்னம் கிழிந்து தொங்கியது. போலீஸ் ஜீப் வந்தபோது கூட்டத்தில் பாதி கலைந்திருந்தது.

விஷம் இல்லை என்று ஆகிவிட்டதே, பெண்ணை வீட்டுக்கு அழைத்துப்போகிறோம் என்று மீதியிருந்தவர்கள் கிளம்பினார்கள். இந்த மருத்துவமனையில் இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. மதிவதனி ஸ்ட்ரெச்சரில் இருந்தாள். முறிந்த கையை அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்தே கண்ணாயிரத்தைக் கூப்பிட்டாள். சில கடி மெதுவாக வேலை செய்யும், ஒரு தடவை பார்த்ததை வைத்து அனுப்ப முடியாது, ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். அதை, தான் செய்யக் கூடாது, வேறு கை செய்து அதே பதில் வந்தால்தான் பதில் என்றாள்.

"இன்னும் எங்கள நம்பச் சொல்றீங்களா?" என்று கண்ணாயிரம் கேட்டான்.

"எங்கள நம்பாதீங்க. பக்கத்துல நின்னு பாருங்க."

அவன் நின்றான். அவளை எலும்பு டாக்டரிடம் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. அவள் போகவில்லை. வலி மருந்தும் வேண்டாம் என்றாள், மயக்கம் வந்தால் கண் சரியாகப் பார்க்காது. ஐந்து மணிக்கு தேவிப்ரியா, நெற்றியில் பிளாஸ்டருடன், அருணகிரி கொடுத்த பாக்கெட்டிலிருந்து இரண்டு புதுக் குழாய்களை எடுத்தாள். பொன்னியின் ரத்தம் ஒன்றில். இன்னொன்றுக்கு கண்ணாயிரம் கேட்காமலே சட்டைக் கையை மடக்கி நீட்டினான். உடைந்த மேடையைத் தவிர்த்து, பொன்னியின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னல் விளிம்பில் ஸ்டாண்டை வைத்தார்கள். பொன்னிக்கு முகவீக்கம் வடிந்திருந்தது. இத்தனை பேர் தன்னைச் சுற்றி ஏன் பேசாமல் நிற்கிறார்கள் என்று கேட்டாள்.

ஐந்து இருபதுக்கு தேவிப்ரியா சாய்த்தாள். பார்த்ததை வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதச் சொன்னாள் மதிவதனி. பிறகு டாக்டர் சரவணகுமார் பார்த்து எழுதினார். இடது கையால் மதிவதனி எழுதினாள். கண்ணாயிரம் மட்டும் எழுதவில்லை.

"ரெண்டும் கட்டிக்கிச்சு" என்றான். மூன்று காகிதத்திலும் அதுவே இருந்தது.

அவன் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மச்சான் மேல் புகார் கொடுப்பீர்களா என்று கேட்டான்.

"குடுப்பேன். எங்க தப்பையும் சொல்லுவேன், அவரு அடிச்சதையும் சொல்லுவேன். நடந்தது நடந்த மாதிரி."

"சொல்லுங்க" என்றான் கண்ணாயிரம்.

அன்று மாலை சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையே மறுவாரம் மருத்துவமனை விசாரணையில் சொன்னாள். அதையே கோர்ட்டிலும் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று வாக்குமூலங்களையும் வரிவரியாக வைத்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். தங்கள் தப்பைச் சொன்ன முதல் பாதிக்காக மருத்துவமனை அவளை வேலையிலிருந்து நீக்கியது. அடியைச் சொன்ன இரண்டாவது பாதிக்காக அப்பாதுரைக்கு ஜெயில் கிடைத்தது. அதற்கிடையில், முதல் பாதியை விட்டுவிடச் சொல்லி மருத்துவமனையிலிருந்து ஒருவரும், இரண்டாவது பாதியை விட்டுவிடச் சொல்லி ஊரிலிருந்து ஒருவரும் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிட இடைவெளியில். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, இடது கையால் காப்பி ஆற்றிக் கொடுத்து அனுப்பினாள்.